பழங்கோயிலைப் பிரித்து வேறிடத்தில் கட்டுவது எப்படி: ஏட்டிலிருந்து கும்பாபிஷேகம் வரை

திருமழபாடி வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். கல்லில் கை வைப்பதற்கு முன்பு சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். கட்டி முடித்த பின், ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச்சுவரில் மறுபடி வெட்டினார்கள். திருக்கோடிக்காவலில் சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளி (கற்கோயில்) எடுப்பித்தபோதும் இப்படித்தான் நடந்தது. உதிரியாகக் கிடந்த பழைய கற்களின் எழுத்துகளைப் புதுச்சுவரில் ஏற்றி, இது பழைய கல்லின் படி என்று குறிப்பும் சேர்த்தார்கள்.

முதலில் எழுது, பிறகு பிரி. ஒரு பழங்கோயிலை இடம் மாற்றுவதில் பாதி வேலை இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. அணை, சாலை, சுரங்கம் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஊர்க்கோயிலை நகர்த்தவேண்டிய நிலை வந்திருக்கும் கோயில் குழுவினருக்காகவும், அந்தப் பொறுப்பை ஏற்கும் பொறியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் கிருஷ்ணா–துங்கபத்திரைக் கரையில் நடந்ததை வைத்துத்தான் பேசப்போகிறேன். இந்தியாவில் கோயில் இடமாற்றத்தின் எல்லா முகங்களையும் ஒரே வட்டாரத்தில் பார்க்க முடிகிற இடம் அது.

நகர்த்தத்தான் வேண்டுமா?

தெலங்கானாவின் ஜோகுலாம்பா கத்வால் மாவட்டத்தில், துங்கபத்திரையின் கரையில் இருக்கிறது ஆலம்பூர். பாதாமிச் சாளுக்கியர் 7ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கட்டிய நவபிரம்மா கோயில்கள் அங்கே உள்ளன. பெயரில் பிரம்மா இருந்தாலும் உள்ளே இருப்பவர் சிவன். தென்னாட்டில் அரிதாகக் காணக்கூடிய, வளைந்து உயரும் வடநாட்டுச் சிகரம் கொண்ட கோயில்கள் அவை. ஸ்ரீசைலம் அணை எழுந்தபோது அதன் நீர்த்தேக்கம் இந்தப் பகுதி முழுவதையும் மிரட்டியது.

அப்போது மூன்று விதமான முடிவுகள் எடுக்கப்பட்டன. நவபிரம்மா கோயில்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆற்றுப்பக்கம் கரைச்சுவர் எழுப்பப்பட்டது. கிருஷ்ணாவும் துங்கபத்திரையும் கூடும் கூடவெல்லியில் இருந்த சங்கமேஸ்வரர் கோயில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு ஆலம்பூரில் மறுபடி கட்டப்பட்டது. 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை எழுந்த பாபநாசி கோயில் தொகுதி, இருபதுக்கும் மேற்பட்ட கோயில்கள், அவ்வாறே ஊரின் தென்மேற்கே கொண்டுவரப்பட்டது. மூன்றாவது முடிவு, விட்டுவிடுவது. அதே நீர்த்தேக்கத்தில், ஆந்திரப் பக்கம் இருக்கும் இன்னொரு சங்கமேஸ்வரம் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீருக்குள் கிடக்கிறது. கோடையில் நீர் வடிந்ததும் வெளியே வருகிறது. அங்கிருக்கும் மரலிங்கத்துக்கு அந்தச் சில மாதங்கள் மட்டும் பூசை நடக்கிறது.

ஆகவே முதல் கேள்வி, கரைச்சுவர் எழுப்பி ஆலம்பூரைக் காத்ததுபோல் உங்கள் கோயிலையும் இருந்த இடத்திலேயே காக்க முடியுமா என்பது. சாலையை 15 மீட்டர் வளைக்கலாமா, மேம்பாலத் தூணைத் தள்ளி வைக்கலாமா என்று எழுத்துமூலம் கேளுங்கள். எழுத்துமூலம் பதில் வாங்குங்கள். நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆவணமான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 7ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: ஒரு நினைவுச்சின்னம் தன் வரலாற்றிலிருந்தும் தான் நிற்கும் சூழலிலிருந்தும் பிரிக்க முடியாதது, அதைக் காப்பதற்கே வேறு வழி இல்லை என்றாலோ மிக முக்கியமான தேசிய அல்லது பன்னாட்டு நலன் இருந்தாலோ தவிர நகர்த்தக்கூடாது. கூடவெல்லிக் கோயில் ஒரு கல் குறையாமல் வந்திருந்தாலும் இரண்டு ஆறுகள் கூடும் முனை அதனுடன் வரவில்லை. பெயர் மட்டும் சங்கமேஸ்வரர் என்றே நிற்கிறது. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இந்த இழப்பு இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

ஜாக்கி வைத்துக் கட்டடத்தை அப்படியே தூக்குகிறார்களே, அப்படிச் செய்யக்கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். செங்கல், கான்கிரீட் கட்டடத்துக்கு அது சரி. அடியில் இரும்புச் சட்டம் கொடுத்தால் அது ஒரே உடம்பாக எழும்பும். பழைய கற்றளி ஒரே உடம்பு அல்ல. வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, உள்பக்கம் ஒரு கல்வரிசை, நடுவே உடைகல்லும் மண்ணும் சுண்ணாம்பும். கற்கள் பெரும்பாலும் சாந்தில்லாமல் தம் எடையால்தான் நிற்கின்றன. ஒரு மூலை ஒரு விரற்கடை கூடுதலாக எழும்பினால் உத்திரம் விரிசல் விடும். சிறிய, ஒற்றைக் கருவறைக் கோயிலுக்கு மட்டும், கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொன்னால் யோசிக்கலாம்.

அனுமதி

கோயில் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருந்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். 2010 திருத்தத்துக்குப் பின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. தமிழகத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அறநிலையத் துறைக் கோயில்களுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அறநிலையத் துறைக் கோயில் என்றால் மாநில அளவிலான வல்லுநர் குழுவின் ஒப்புதல் இல்லாமல் திருப்பணி தொடங்கக்கூடாது. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஊர்க்கோயில்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறது, ஏனென்றால் யாரையும் கேட்காமல் இடித்துவிடலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. அந்தக் கோயிலுக்காகவும், மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் மனு கொடுத்து, ஒரு கல்வெட்டு ஆய்வாளரையாவது வரவழைத்துப் பாருங்கள்.

அடித்தளத்தைத் தோண்டும்போது கர்ப்பநியாசப் பேழை (கோயில் கட்டும்போது அடியில் சடங்காக வைக்கும் பெட்டி), பொன் தகடு, மணிகள், சில சமயம் புதைத்து வைத்த செப்புத் திருமேனிகளே கிடைக்கும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் அடித்தளம் பிரிக்கும் நாட்களில் வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் உடனிருக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஊரில் வீண்பேச்சு வராமல் இருக்கவும் அது உதவும்.

பாலாலயம்

கட்டடத்தைப் பிரிக்குமுன் சுவாமி அங்கிருந்து எழுந்தருள வேண்டும். அனுக்ஞை (இறைவனின் அனுமதி) பெற்று, மூலவரின் கலையை, அதாவது இறையாற்றலை, கும்பத்தில் ஆவாகனம் செய்து, அத்திப்பலகையிலோ படத்திலோ, பாலாலயம் எனப்படும் தற்காலிக இளங்கோயிலில் எழுந்தருளச் செய்வது வழக்கம். சிவாலயமானால் காமிகமா காரணமா, பெருமாள் கோயிலானால் வைகானஸமா பாஞ்சராத்திரமா என்று அந்தக் கோயிலின் ஆகமம் எதுவோ அதன்படி. பரம்பரை அர்ச்சகரையே கேளுங்கள். பக்கத்து ஊர்க் கோயிலில் செய்தார்கள் என்று அதைப் பின்பற்ற வேண்டாம்.

பாலாலயத்தை அவசரக் கொட்டகையாகப் போட்டுவிடாதீர்கள். தெலங்கானாவின் அனுமகொண்டாவில் காகதிய மன்னன் ருத்ரதேவன் 1163இல் கட்டிய ஆயிரங்கால் கோயிலின் கல்யாண மண்டபம் சாய்ந்துகொண்டிருந்ததால் 2006இல் பிரிக்கப்பட்டது. அதே இடத்தில் திரும்பக் கட்டித் திறந்தது 2024 மார்ச்சில். இடம்கூட மாறாத ஒரு மண்டபத்துக்கு 18 ஆண்டு ஆகியிருக்கிறது. அத்தனை காலம் பூசையும் திருவிழாவும் நிற்காமல் நடக்கக்கூடிய இடமாக இளங்கோயில் அமைய வேண்டும். பூசை நின்றால் ஊர் கோயிலை மறக்கும். மறந்த கோயிலுக்குப் பணமும் வராது.

ஏடு: எல்லாவற்றையும் எழுதுவது

நிதானமாகச் செய்யவேண்டிய கட்டம் இதுதான். பணமும் காலமும் குறைந்தால் வேறு எதில் வேண்டுமானாலும் சுருக்குங்கள், இதில் சுருக்காதீர்கள்.

ஏன் என்பதற்குக் கம்போடியாவைப் பாருங்கள். அங்கோர் தோமில் 11ஆம் நூற்றாண்டில் சிவனுக்கு எடுத்த பாபுவோன் கோயில் சரிந்துகொண்டிருந்தது. 1960களில் பிரெஞ்சு அறிஞர்கள் அதைப் பிரித்து, சுமார் 3,00,000 கற்களை எண்ணிட்டுச் சுற்றியுள்ள காட்டில் பரப்பி வைத்தார்கள். உள்நாட்டுப் போர் வந்தது. 1975இல் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்தபோது அந்த எண்களின் பதிவேடுகள் அழிந்தன. கற்கள் அப்படியே கிடந்தன, எது எங்கே போகும் என்று சொல்ல ஏடு இல்லை. 1995இல் வேலையைத் திரும்பத் தொடங்கி, கல்லோடு கல்லைப் பொருத்திப் பார்த்தே 2011இல்தான் முடிக்க முடிந்தது. உங்கள் ஏட்டுக்கு மூன்று படி வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்: ஒன்று கோயிலில், ஒன்று தொல்லியல் துறையில், ஒன்று வெளியூரில். கணினியில் இருக்கிறது என்று நிறுத்திவிடாமல் தாளிலும் அச்சிட்டு வையுங்கள்.

ஏட்டில் தரைப்படம், நான்கு பக்க முகப்புப் படங்கள், குறுக்குவெட்டுப் படங்கள் இருக்க வேண்டும். இப்போது லேசர் ஸ்கேனும், நூற்றுக்கணக்கான புகைப்படங்களைச் சேர்த்து முப்பரிமாண வடிவம் எடுக்கும் மென்பொருளும் எளிதாகக் கிடைக்கின்றன. இருந்தாலும் ஒரு ஸ்தபதி நூல் பிடித்து, முழக்கோல் வைத்து அளந்த அளவையும் எழுதுங்கள். கேமரா பார்க்காத உட்பக்கம், கல்லின் முதுகு, இரண்டு கற்கள் கவ்வும் இடம் ஆகியவை கை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். விரிசல், சாய்வு, காரை பூசிய இடம், சுண்ணாம்பின் அடியில் ஒளிந்திருக்கும் ஓவியம் எல்லாம் படத்தில் குறிக்கப்பட வேண்டும். திசையை நட்சத்திரம் அல்லது கருவி வைத்துத் துல்லியமாக எடுங்கள். கிழக்கு என்று சொன்னாலும் பல கோயில்கள் சில பாகை திரும்பியிருக்கும். அது கட்டியவன் தெரிந்து வைத்த திருப்பம்.

கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுங்கள். சுவரைத் தண்ணீரால் மட்டும் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவது. புகைப்படத்தில் தெரியாத எழுத்து மைப்படியில் தெரியும். அதிட்டானத்தின் (கோயிலின் அடிப்பீடம்) குமுதம், பட்டிகை என்னும் வரிகளில் ஓடும் ஒரே கல்வெட்டு பத்துப் பதினைந்து கற்களில் பரவியிருக்கும். ஒரு கல் இடம் மாறினால் ஒரு ஊரின் நிலக்கொடை வேறு ஊருக்குப் போய்விடும். அப்படிக் குழம்பிய சுவர்களைத் தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் பார்க்கலாம். திருப்பணிக்காரர்கள் நல்ல மனத்தோடு செய்ததுதான், ஆனால் எழுத்தைப் பார்க்கவில்லை.

எண்ணிடுவதற்கு ஒரு எளிய முறை போதும்: சுவரின் திசை, கீழிருந்து எத்தனையாவது வரி, இடமிருந்து எத்தனையாவது கல். வ-7-12 என்றால் வடக்குச் சுவர், 7ஆம் வரி, 12ஆம் கல். வெளி வரிசை, உள் வரிசை என்று இன்னொரு எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கல்லின் அடியிலோ மறைந்த பக்கத்திலோ எழுதுங்கள், கூடவே கயிற்றில் ஒரு அலுமினியத் தகடும் கட்டுங்கள். செதுக்கிய முகத்தில் பெயின்ட் அடிப்பதோ உளியால் எண் வெட்டுவதோ கூடாது. அழியாத சிவப்பு எண்ணோடு நிற்கும் துவாரபாலகரை அடுத்த நூறு ஆண்டுக்கும் ஊர் பார்க்க வேண்டியிருக்கும். பழைய கல்தச்சர்களே வெட்டிய குறிகள் சில கற்களில் கிடைக்கும். அவற்றையும் பதிவு செய்யுங்கள், அவர்கள் எப்படிக் கோத்தார்கள் என்பதற்கான சாவி அதில் இருக்கலாம்.

புது இடமும் அடித்தளமும்

பழைய இடத்தின் திசை, நீர்நிலையோடு உள்ள உறவு, வீதி, தேரோட வழி ஆகியவற்றில் எதைக் காப்பாற்ற முடியுமோ அதைக் காப்பாற்றும் இடமாகத் தேடுங்கள். வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மைசூரை அடுத்த கண்ணம்பாடியில் ஒய்சளர் காலத்து வேணுகோபால சுவாமி கோயில் கிருஷ்ணராஜசாகர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிப் பல பத்தாண்டுகள் கிடந்தது. பிறகு அதைப் பிரித்துக் கொண்டுவந்து அதே நீர்க்கரையில், மேட்டில் கட்டினார்கள். தண்ணீரைப் பார்த்தபடியே கோயில் இருப்பதால் பழைய நிலம் முழுவதும் அறுந்துபோகவில்லை என்ற உணர்வு வருகிறது.

மண்பரிசோதனை கட்டாயம். கருங்கல் ஒரு கனமீட்டருக்கு சுமார் 2.65 டன். 3 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரே ஒரு உத்திரம் சுமார் 2.4 டன் வரும். இந்த எடை கரிசல் மண்ணில் உட்கார்ந்தால், மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் அந்த மண் தூண்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துவிடும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு ஆற்றுமணலை நிரப்பி, நீர்விட்டு இறுக்கிக் கட்டும் மணற்படுகை முறையைக் காகதியர் பயன்படுத்தினார்கள். ஆயிரங்கால் கோயில் மண்டபமும் அப்படிப்பட்ட படுகைமேல்தான் நின்றது. இன்று நிலத்துக்கடியில் கான்கிரீட் பலகை போடுவதும் நடக்கிறது. போடலாம், ஆனால் கான்கிரீட்டுக்கும் முதல் கல்வரிக்கும் இடையே மணல் அடுக்கு ஒன்று இருக்கட்டும் என்பது என் கருத்து. கல் மூச்சுவிடும், ஈரம் வழி தேடிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியும் எந்த இடத்திலும் சிமென்ட் வராது.

பிரிப்பது

மேலிருந்து கீழாக. கலசம், சிகரம், கிரீவம் (சிகரத்தின் கீழுள்ள கழுத்து), தளங்கள், கூரையின் பாவுகற்கள், கொடுங்கை (வெளியே நீளும் வளைந்த கூரைவிளிம்பு), உத்திரம், போதிகை (தூணுக்கு மேல் உத்திரத்தைத் தாங்கும் கல்), தூண், சுவர், கடைசியாக அதிட்டானம். ஆலம்பூர் வகைக் கோயிலானால் உச்சியில் நெல்லிக்கனி வடிவில் இருக்கும் ஆமலகம் முதலில் இறங்கும். எடையை ஒரே பக்கம் எடுத்துவிடாமல் நான்கு பக்கமும் சமமாக, ஒரு வரி முடிந்த பிறகே அடுத்த வரி. ஒவ்வொரு வரியும் வெளிப்பட்டதும் மேலிருந்து ஒரு படம் எடுத்து ஏட்டில் சேருங்கள். நடுவில் உள்ள உடைகல்லையும் சும்மா அள்ளிக் கொட்டாதீர்கள். இதைவிடப் பழைய கோயிலின் துண்டுச் சிற்பமும் கல்வெட்டும் அந்த நிரப்பில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

கல்லைக் கிளப்பக் கடப்பாரையை விளிம்பில் போட்டு நெம்பக்கூடாது. மர ஆப்பு அடித்து இடைவெளி உண்டாக்கி, அகலமான நைலான் பெல்ட் போட்டு, முக்காலியில் தொங்கும் செயின் பிளாக்காலோ கிரேனாலோ தூக்குங்கள். இரும்புச் சங்கிலி நேரடியாகக் கல்லைத் தொட்டால் கொடுங்கை முனைகள் உதிரும். சென்ற நூற்றாண்டில் பூசிய சிமென்டை எந்திரத்தால் உடைக்காமல் சிறு உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சலிப்பூட்டும் வேலை, வேறு வழியில்லை. பழைய கல்லில் எண்ணெய்ப்பிசுக்கு இருக்கிறது என்று மணல் வீசிச் சுத்தம் செய்ய யாராவது முன்வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். தமிழகத்தில் தடை செய்யப்பட்ட அந்த முறை எத்தனையோ சோழர் எழுத்துகளைத் தேய்த்துத் தள்ளிவிட்டது.

லாரியில் வைக்கோலும் மணல் மூட்டையும் பரப்பி, சுவரில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே கல்லைப் படுக்க வையுங்கள். புது இடத்தில் மரக்கட்டைகள் மேல், வரி வரியாக, இடையில் ஆள் நடக்க வழி விட்டு அடுக்குங்கள். காவலுக்கு ஆள் கட்டாயம்.

கோப்பது

ஒவ்வொரு வரியையும் முதலில் தரையில் சாந்தில்லாமல் அடுக்கிப் பாருங்கள். பொருந்தாத கல் அங்கேயே தெரிந்துவிடும். பொருந்தவில்லை என்றால் கல்லைச் செதுக்காதீர்கள், ஏட்டைப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை தவறு எண்ணில்தான் இருக்கும்.

உடைந்த கல்லை ஒட்டத் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியக் கம்பியை உள்ளே செருகுங்கள். சாதாரண இரும்பு துருவேறி உப்பிக் கல்லையே பிளந்துவிடும். பழங்கோயில்களில் நாம் பார்க்கும் பல வெடிப்புகள் பிற்காலத்தில் வைத்த இரும்புப் பட்டைகளால் வந்தவை. சாந்து வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு: நன்றாக நீற்றிப் புளிக்கவைத்தது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்தது. கல்லைவிட மென்மையான சாந்து இருந்தால் விரிசல் சாந்தில் விழும், கல் தப்பும்.

காணாமல்போன கல்லுக்குப் புதுக்கல் வைக்கலாம், அதே வகைக் கல்லில், வடிவம் மட்டும் கொடுத்து, நுணுக்க வேலை இல்லாமல். அதன் மறைபக்கத்தில் ஆண்டைப் பொறித்துவிடுங்கள். சிதைந்த சிற்பத்துக்குப் புது மூக்கு வைக்கவேண்டும் என்ற ஆசை ஊரில் எழும். அன்பினால் எழும் ஆசைதான். ஆனாலும் மறுக்க வேண்டும். மூலவர் வழிபாட்டுக்குரியவர், அவர் விஷயத்தில் ஆகமம் பேசட்டும். தூணில் இருக்கும் நடனமாது வரலாற்றுக்குரியவள், அவளை அப்படியே விடுங்கள்.

நூல் மட்டமும் தூக்குக்குண்டும் வரிக்கு வரி பார்க்கப்பட வேண்டும். சாய்ந்து ஆபத்தாக நின்றதை நேர்ப்படுத்தலாம். பழைய தச்சன் கையால் வந்த சின்ன ஏற்றத்தாழ்வைத் திருத்தக்கூடாது, திருத்தினால் மேலே போகப்போக எதுவும் பொருந்தாது. கூரைக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளமிட்டு, தட்டையான தட்டோடு பதித்து, வாட்டம் சரியாகக் கொடுங்கள். தண்ணீர் தேங்கும் கூரை மற்ற எல்லா உழைப்பையும் பத்து மழையில் கெடுத்துவிடும்.

குடியேறிய பிறகு

மூலவரைப் பீடத்தோடு இறுக்கும் அட்டபந்தன மருந்து சாத்தி, கும்பாபிஷேகம் நடந்து, 48 நாள் மண்டல பூசை முடிந்ததும் வந்தவர்கள் கலைந்து போவார்கள். கோயிலைக் காப்பது அன்றிலிருந்துதான் தொடங்குகிறது. விரிசல் இருந்த இடங்களில் சிறு கண்ணாடித் துண்டு ஒட்டி வையுங்கள், சுவர் அசைந்தால் அது முதலில் உடையும். முதல் மூன்று மழைக்காலம் அடித்தளம் இறங்குகிறதா என்று மட்டம் எடுத்து ஏட்டில் எழுதுங்கள். விமானத்தில் முளைக்கும் ஆலஞ்செடியை, அரசஞ்செடியை இரண்டிலை விடும்போதே எடுத்துவிடுங்கள். வேரோடிய பின் இழுத்தால் கல்லும் கூட வரும்.

பழைய இடத்தையும் கைவிடாதீர்கள். நீரில் மூழ்காத நிலமானால் கருவறை இருந்த புள்ளியில் ஒரு கல் நட்டு, கோயில் எங்கே போயிற்று என்று எழுதுங்கள். புதுக்கோயிலின் அதிட்டானத்துக்கு அருகே, பழைய சுவரைத் தொடாமல், தனிக் கல்லில் இன்னொரு எழுத்து: எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எந்தக் காரணத்தால் இந்தக் கோயில் இங்கே வந்தது, எத்தனை கல் புதியது, ஏடு எங்கே இருக்கிறது. திருக்கோடிக்காவலில் எழுத்து வெட்டியவர்கள் தங்கள் காலத்தவருக்கு மட்டும் வெட்டவில்லை, அதனால்தான் இன்று நாம் அதைப் படிக்கிறோம்.